வெளிநாட்டுச் சின்னம்மா

ஒரு குழந்தையை அதன் சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை, எங்கள் சபை தோன்றும்வரை உலகம் அறிந்திருக்கவில்லை. மக்கள் அறியாமையில் மூழ்கிக் கிடந்தார்கள். தாய் தகப்பனை இழந்த பிள்ளையா, மாமன் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடுவான். அத்தை வந்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவாள். ஜோகூர் என்ன, சிரம்பான் என்ன, ஈப்போ என்ன, கேட்பாரில்லை. ஒரு தீர்மானம் கிடையாது, ஓர் உபகுழு கிடையாது, தலைவர் என்று ஒருவருக்கு மாலைகூடக் கிடையாது. இந்த அவல நிலையைத் துடைத்தெறியவே 1963-ஆம் ஆண்டின் கடைசியில், சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாகிச் சூடு ஆறுவதற்குள், சிராங்கூன் ரோட்டில் எங்கள் சபை உதயமாயிற்று.

சபையின் முழுப்பெயர், 'மாநிலங்களுக்கிடையே ஆதரவற்ற சிறார் உறவினர் இணைப்பு ஆலோசனைச் சபை'. பெயருக்கு ஏற்ற நீளத்தில் பலகை கிடைக்கவில்லை. பெயின்டர் பெரிய எழுத்தில் தொடங்கி, இடம் போதாமல், 'ஆதரவற்ற' என்ற சொல்லோடு நிறுத்தி, மூலையில் 'சபை' என்று குறுக்கி எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆகவே தேக்கா மார்க்கெட் முழுவதும் எங்களை 'ஆதரவற்ற சபை' என்றே அழைத்தது. பெரிய காரியம் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம்.

தலைவர் திரு. வேலாயுதம், துணிக்கடை முதலாளி. அவர் கடையின் மேல்மாடியில்தான் சபை கூடும். தொடக்க விழாவில் அவர் நிகழ்த்திய உரை இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

"நேற்றுவரை ஜோகூர் நமக்குப் பக்கத்து ஊர். இன்று பக்கத்து மாநிலம்! ஊரிலிருந்து ஊருக்குப் பிள்ளையை யாரும் கூட்டிக்கொண்டு போகலாம். மாநிலத்திலிருந்து மாநிலத்துக்கு என்றால், அதற்கு ஒரு நடைமுறை வேண்டும்!"

கைதட்டல் கீழே கடைவரை கேட்டது. சட்டைத்துணி வாங்க வந்த ஒருவர் ஏதோ தள்ளுபடி என்று நினைத்து மாடி ஏறி வந்துவிட்டார். அவரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டோம்.

பொருளாளர் திரு. மருதப்பன், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் துணைக் காரியதரிசி. காரியதரிசி யார் என்று கேட்கக்கூடாது. அந்தப் பதவிக்குத் தகுதியானவரைச் சபை கடைசிவரை தேடிக்கொண்டிருந்தது.

எங்கள் கடமை மிக எளியது. பிள்ளைகளைக் கவனிக்கும் இலாகாவில் ஓர் அதிகாரி இருந்தார், நல்ல மனிதர். "உங்கள் ஜனங்களை உங்களுக்குத்தான் தெரியும். இன்னார் சொந்தக்காரர்தான், பிள்ளையைக் கொடுக்கலாம் என்று ஒரு வரி எழுதிக்கொடுங்கள், நான் உடனே உத்தரவு போடுகிறேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை எழுதுவதற்காக உருவானதுதான் சபை.

*

1964 தொடக்கத்தில் எங்களுக்கு முதல் குழந்தை கிடைத்தது. பெயர் சிவகாமசுந்தரி, ஆறு வயது. தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இறந்துவிட்டான். தாய் நெஞ்சு நோயில் படுத்து, எழுந்திருக்கவே இல்லை. பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் சந்தில் இடியப்பம் விற்ற ஹலீமா என்ற அம்மாள், பக்கத்து அறைக்காரி என்ற ஒரே காரணத்தால், பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தார். தாயின் கூடப்பிறந்த தங்கை ரத்தினம்மா, ஜோகூரில் கூலாய்க்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவள். கங்காணியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு, அக்கா மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

மூவரும் மாடி ஏறி வந்தார்கள். பிள்ளையின் கையில் ஒரு துணி மூட்டை. அன்றைக்கே புறப்படலாம் என்று யாரோ அதற்குத் தவறான தகவல் கொடுத்திருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நீங்கள் குழந்தைக்கு யார்?"

"சின்னம்மாங்கய்யா. செத்துப்போனவ எங்கூடப் பொறந்த அக்கா."

"ஆதாரம்?"

ரத்தினம்மா ஹலீமாவைப் பார்த்தாள். ஹலீமா பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தலைவரின் மேசை மேலிருந்த மணியைப் பார்த்தது.

"எம் முகத்தையும் புள்ள முகத்தையும் பாருங்கய்யா."

பார்த்தோம். அதே நெற்றி, அதே கண், சிரிக்காமலிருந்தும் ஒரு கன்னத்தில் மட்டும் விழும் அதே குழி. ஒரே அச்சில் வார்த்து, ஒன்றை மட்டும் வெயிலில் காயப் போட்டதுபோல இருந்தது. தலைவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முகம் ஓர் ஆவணம் அல்ல அம்மா."

ஹலீமா குறுக்கிட்டார். "ஐயா, இவ அம்மா கண்ண மூடறப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். 'எந் தங்கச்சிகிட்ட சேத்துரு, அக்கா'ன்னு எங் கையப் பிடிச்சுச் சொன்னா. நான் சாட்சி."

"நீங்கள் உறவா?" என்று கேட்டார் மருதப்பன்.

"இல்லீங்க. பக்கத்து ரூமு."

"உறவில்லாதவர் உறவுக்குச் சாட்சி சொல்ல முடியாது."

"அப்ப உறவுக்காரங்க சொல்லலாமா?"

"தம்முடைய உறவுக்குத் தாமே சாட்சி சொல்வது முறையாகாது."

"உறவுக்காரங்களும் சொல்லக்கூடாது, உறவில்லாதவங்களும் சொல்லக்கூடாது. அப்ப யாருதான் லா சொல்றது?"

தலைவர் புன்னகை செய்தார். "அதற்குத்தானே அம்மா சபை இருக்கிறது."

பிறகு ரத்தினம்மாவிடம், ஏற்கெனவே இரண்டு பையன்கள் இருக்கும்போது மூன்றாவதாக ஒரு பிள்ளை எதற்கு என்று விசாரித்தார். அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "எங்கக்கா மகய்யா" என்றாள். தலைவர் மறுபடியும் எதற்கு என்றார். அவள் மறுபடியும் "எங்கக்கா மகய்யா" என்றாள். 'விண்ணப்பதாரருக்குத் தெளிவான நோக்கம் இல்லை' என்று குறித்துக்கொண்டோம்.

அன்று மாலை ரத்தினம்மா தனியாக பஸ் ஏறினாள். துணி மூட்டை திரும்ப ஹலீமா வீட்டுக்குப் போயிற்று.

*

முகம் ஆவணமல்ல என்றாலும், அதை ஆவணமாக்க முடியுமா என்று ஆராய்வதில் தவறில்லை அல்லவா? மருதப்பன் தலைமையில் 'சாயல் ஆராய்ச்சி உபகுழு' அமைத்தோம். அடுத்த முறை ரத்தினம்மா வந்தபோது, கீழே கடையிலிருந்து டேப் கொண்டுவந்து இருவர் முகத்தையும் அளந்தார். பிள்ளைக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், சிரித்தது. சிரித்ததால் அளவு கெட்டுவிட்டது என்று இன்னொரு நாள் வரச்சொன்னார். உபகுழுவின் இடைக்கால அறிக்கை இன்னும் என் நினைவில் இருக்கிறது: 'மூக்கு: ஏற்கத்தக்கது. நெற்றி: திருப்திகரம். காது: பரிசீலனையில் உள்ளது.'

காது பல மாதம் பரிசீலனையில் இருந்தது.

அந்த வருஷம் சிங்கப்பூரில் இனக்கலவரமும் ஊரடங்கும் வந்தன. பஸ் ஓடவில்லை. ரத்தினம்மாவால் வர முடியவில்லை. எஸ்டேட்டில் ரேடியோ கேட்டுவிட்டு அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள் என்று பின்னால் தெரிந்தது. ஹலீமா தன் இரண்டு பிள்ளைகளோடு சிவகாமசுந்தரியையும் சேர்த்து, கதவைச் சாத்தி, விற்க முடியாத மாவில் இடியப்பம் பிழிந்து மூன்று வேளையும் அதையே கொடுத்துச் சமாளித்தார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் கூடி, ஊரில் அமைதி நிலவியதை வரவேற்று ஒரு தீர்மானம் போட்டோம்.

1965 சனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது ஹலீமா மாடி ஏறி வந்தார்.

"புள்ளைக்கு ஏழு வயசாகுதுய்யா. என் மகளோட ஸ்கூலுக்கு அனுப்பட்டுமா?"

தலைவர் பதறிப்போனார். "வேண்டவே வேண்டாம். எந்த நேரமும் முடிவு வந்துவிடும். இங்கே சேர்த்துவிட்டு அங்கே அனுப்பினால் படிப்பு கெட்டுவிடும்."

"முடிவு எப்ப வரும்?"

"எந்த நேரமும்."

படிப்பு கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தால் சிவகாமசுந்தரி அந்த வருஷம் படிக்கவே இல்லை. ஹலீமாவின் மகளோடு பள்ளிக்கூட வாசல்வரை நடந்து போவாள், மணி அடித்ததும் திரும்பி வந்து இடியப்பத் தட்டுகளைக் கழுவுவாள். குழந்தைகளுக்கு இப்படி அதிகாலையில் நடைப்பயிற்சி கிடைப்பதை மருதப்பன் வெகுவாகப் பாராட்டினார்.

*

ரத்தினம்மாவின் வீட்டை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்ற யோசனை தலைவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மோரிஸ் காரில் சபை உறுப்பினர் ஐவரும் நெருக்கி உட்கார்ந்து கூலாய் போனோம். ஜோகூருக்குப் போகும் காஸ்வே பாலத்தைத் தாண்டும்போது தலைவர், "பார்த்தீர்களா? இதுதான் மாநில எல்லை" என்று ஜன்னல் வழியே கையை நீட்டினார். எல்லாரும் பயபக்தியுடன் பார்த்தோம். ஒரு மலாய்க்காரர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்டேட் கூலிக்காரர்களின் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீடு. ஒரே அறை, முன்னால் சின்ன வாசல். அவள் புருஷன் கூரையில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் குதித்து இறங்கினார். கட்டிலோரமாகப் பலகை அடித்துப் புதிதாக ஒரு சிறு கட்டில் செய்து வைத்திருந்தார்கள். அதன்மேல் சுவரில் ஆணி அடித்து, மஞ்சள் கவுன் ஒன்று மாட்டியிருந்தது.

"அது யாருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"புள்ளைக்குங்கய்யா. போன தீபாவளிக்குத் தைச்சேன். இப்ப பத்தாது. வந்ததும் பிரிச்சுத் தைக்கணும்."

'துணி விரயம்' என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் மருதப்பன்.

ரத்தினம்மா வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரே கோழியை அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவளுடைய பையன்கள் இருவரும் வாசலில் நின்று, நாங்கள் சாப்பிடுவதை மிகுந்த மரியாதையுடன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழம்பைப் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. திரும்பும் வழியில், கிராஞ்சி தாண்டும்வரை அதைப் பற்றியே பேசினோம்.

ஆய்வறிக்கை சுருக்கமானது: 'காற்றோட்டம் மிகுதி. உபசரிப்பு மிகச் சிறப்பு. திட்டமான முடிவுக்கு வர இன்னொரு முறை சென்று பார்ப்பது அவசியம்.'

இன்னொரு முறையும் சென்றோம். இந்தத் தடவை கருவாடுதான். தலைவருக்கு மனம் நொந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விஷயத்தை மேலும் நீட்டிப்பதில் பயனில்லை என்று சபை உணர்ந்தது.

*

கையெழுத்திடும் நாள் குறிக்கப்பட்டது. 1965 ஆகஸ்ட் ஒன்பது, திங்கட்கிழமை காலை. மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, ரோஜா மாலை வாங்கி, போட்டோ எடுக்க ஆளும் சொல்லியாயிற்று. ரத்தினம்மா விடியும் முன்பே கிளம்பி வந்திருந்தாள். பிள்ளை துணி மூட்டையோடு அவள் மடியில் சாய்ந்து நின்றது. ஹலீமா அன்றைக்குக் கடை போடவில்லை.

தலைவர் அரை மணி நேரம் பேசினார். அதில் சபையின் தியாகங்களுக்கு இருபத்தைந்து நிமிடம், குழந்தைக்கு மீதி. பிறகு பேனாவைத் திறந்தார். போட்டோக்காரர், "ஐயா கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். தலைவர் அந்தப் பக்கம் திரும்பி, முகத்தைச் சரிசெய்துகொண்டு, பேனாவைக் காகிதத்துக்கு ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்தார்.

அப்போதுதான் கீழே கோப்பிக்கடை ரேடியோவில் பாட்டு நின்றது. யாரோ ஏதோ அறிவித்தார்கள். தெருவில் சத்தம் எழுந்தது. சட்டைத்துணி வாங்க வந்து உறுப்பினரானவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிரிஞ்சாச்சாம்! சிங்கப்பூர் தனி நாடாம்!"

ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. ஒருவர் சிரித்தார், ஒருவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைவர் மட்டும் அசையவில்லை. பேனா இன்னும் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல அதை மூடி, சட்டைப்பையில் செருகினார்.

"என்னங்கய்யா?" என்றாள் ரத்தினம்மா.

"அம்மா, இது மாநிலங்களுக்கிடையேயான சபை. சற்று முன்புவரை இரண்டு மாநிலம் இருந்தது. இப்போது ஒன்று நாடாகிவிட்டது. நாட்டுக்கும் மாநிலத்துக்கும் இடையில் இயங்க எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"பாலம் இருக்குல்லய்யா?"

"பாலம் இருக்கிறது. அதிகாரம்தான் இல்லை."

"காலையில பஸ்ஸு ஏறுறப்ப நான் இவளுக்குச் சின்னம்மா. இப்ப நான் யாரு?"

தலைவர் யோசித்தார். "இப்போது நீங்கள் வெளிநாட்டுச் சின்னம்மா" என்றார். "வெளிநாட்டுச் சின்னம்மாவுக்கு நடைமுறை வேறு. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்."

ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை, யாரும் சொல்லாமலே, துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஹலீமாவின் பக்கம் போய் நின்றது. அதற்கு வழக்கம் தெரிந்திருந்தது.

ஹலீமா பிள்ளையைப் பார்த்தார். பிறகு எங்கள் ஐவரையும், வரிசையாக, ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பார்வை சபை நடவடிக்கைக்குப் பொருத்தமானதாக இல்லை.

"வா தங்கச்சி, கீழ போய் டீ குடிப்போம்" என்றார்.

மூவரும் படி இறங்கினார்கள். அவர்கள் போனதுகூட எங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் தலைவரின் முகத்தில் ஒரு பேரொளி பரவத் தொடங்கியிருந்தது.

"உங்களுக்குப் புரிகிறதா?" என்றார். "மாநிலங்களுக்கிடையே இருந்த சபை இனி நாடுகளுக்கிடையேயான சபை. நாம் சர்வதேசம் ஆகிவிட்டோம்!"

மேசைமேல் தயாராக இருந்த ரோஜா மாலையை மருதப்பன் எடுத்து அவர் கழுத்தில் போட்டார். போட்டோக்காரரும் வந்த வேலையை முடித்தார். பலகையை மாற்றுவதா, 'மாநிலங்கள்' என்பதன்மேல் மட்டும் பெயின்ட் அடிப்பதா என்று விவாதம் சூடு பிடித்தது. டீ வாங்கக் கீழே போயிருந்த உறுப்பினர் ஒருவர் ஓடி வந்து, "அவங்க டீக்கடையில இல்லீங்க! குவீன் ஸ்திரீட் பக்கம் போறாங்க, ஜோகூர் பஸ்ஸுக்கு!" என்றபோதுதான் சபை அதிர்ந்தது.

"அனுமதி இல்லாமலா?" என்று மாலையோடு எழுந்தார் தலைவர். "அனுமதி இல்லாமல் அந்தக் குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டால், அனுமதி இல்லாமலே போய்ச் சேரலாம் என்று ஆகிவிடுமே! பிறகு நாம் எதற்கு?"

இதைவிட ஆழமான கேள்வியை அவர் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை. தடை அறிவிப்பு ஒன்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, குழந்தை சம்பந்தப்பட்ட காகிதக் கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

*

குவீன் ஸ்திரீட்டில் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஹலீமா ஜன்னலோரம் நடந்துகொண்டே வந்து பிள்ளையின் கையைப் பிடித்திருந்தார். "அழுவக்கூடாது. நோன்புப் பெருநாளைக்குப் பெரியம்மா வருவேன். பிரியாணி கொண்டு வருவேன்" என்று சொல்லிக்கொண்டே அவர்தான் அழுதுகொண்டிருந்தார். பஸ் வேகம் எடுத்ததும் கை விடுபட்டது. அந்த நேரத்தில் நான் பின்படியில் தொற்றி ஏறினேன்.

ரத்தினம்மாவுக்குப் பின் இருக்கையில் அமர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தடை அறிவிப்பை முழுவதும் படித்தேன். புக்கிட் தீமா தாண்டியபோதுதான் முடிந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"காரியதரிசி ஐயா, காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றேன். ஹலீமா கட்டிக்கொடுத்த இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்து, இலையில் பாதியை எனக்கு நீட்டினாள். தடை அறிவிப்பு கொடுக்கப் போனவர் எதிர்த்தரப்பிடம் சாப்பிடலாமா என்று எங்கள் விதிகளில் எதுவும் இல்லை. இல்லாததால் சாப்பிட்டேன். தேங்காய்ப்பூவும் நாட்டுச்சர்க்கரையும் நன்றாக இருந்தன.

பிள்ளை ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை. உட்லண்ட்ஸ் தாண்டிக் கடல் தெரிந்தபோது, ரத்தினம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தது. "சின்னம்மா, சாயங்காலம் நான் திரும்பி வரணுமா?"

"வேணாம்டி."

"நாளைக்கு?"

"வேணாம்."

பிள்ளை அதுவரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த துணி மூட்டையைப் பக்கத்தில் இறக்கி வைத்தது.

பாலத்தின் ஜோகூர் கோடியில் சுங்க அதிகாரி ஒருவர் பஸ்ஸில் ஏறினார். மலாய்க்காரர். ஆனால் எஸ்டேட்டில் வளர்ந்தவர்போலும், எங்கள் தலைவரைவிடத் தெளிவாகத் தமிழ் பேசினார். கூடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் மடியிலிருந்த கட்டைக் கண்டதும் நின்றார்.

"இது என்ன?"

"ஒரு குழந்தையை உறவினரிடம் ஒப்படைப்பது சம்பந்தமான ஆவணங்கள்."

"பிள்ளை எங்கே?"

"இதோ."

"உறவுக்காரங்க?"

"பக்கத்தில் இருப்பவர்."

அதிகாரி இரண்டு முகத்தையும் பார்த்தார். ஒரு தடவைதான். காதைப் பார்க்கவே இல்லை.

"சரி, பார்த்தாலே தெரியுதே. அப்ப நீ யாரு?"

"நான் நாடுகளுக்கிடையேயான..."

"பிள்ளைக்கு நீ யாருன்னு கேட்டேன்."

கட்டுக்குள் எத்தனையோ காகிதம் இருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "யாருமில்லை" என்றேன்.

"யாருமில்லாதவன் எதுக்குப் பிள்ளை பின்னாலேயே பாலம் தாண்டி வர்றே?"

பஸ்ஸில் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "பிள்ளை பிடிக்கிறவனா இருப்பான் லா!" என்றது. வாத்துக் கூடையோடு இருந்த சீனத்து அம்மாள் கூடையை என்னிடமிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"ஐயா, அவரு நல்லவருதாங்க" என்று ரத்தினம்மா எழுந்தாள். அதிகாரி அவளைக் கையமர்த்திவிட்டுப் பிள்ளையிடம் குனிந்தார்.

"பாப்பா, பயப்படாம சொல்லு. இவரை உனக்குத் தெரியுமா?"

பிள்ளை என்னை உற்றுப் பார்த்தது. ஒன்றரை வருஷப் பழக்கத்தில் அது என் முகத்தைப் பார்த்தது அன்றுதான். நானும் அப்படித்தான்.

"தெரியும்" என்றது. "என்னைச் சின்னம்மாகூடப் போகவிடாத மாமா."

அதிகாரி நிமிர்ந்தார். "இறங்குங்க மாமா" என்றார்.

பஸ் போய்விட்டது. என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, அதிகாரி ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினார். சாயல் ஆராய்ச்சி உபகுழுவின் இடைக்கால அறிக்கைவரை வந்தவர், கட்டை மூடி என் கையில் கொடுத்து, "போ" என்றார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பாலத்தை நான் நடந்து கடந்தது அன்று ஒரு நாள்தான். வெயில் நன்றாகவே இருந்தது.

*

1966 சனவரியில் சபையின் ஆண்டுக்கூட்டம் புதிய பலகையின் கீழ் சிறப்பாக நடந்தது. பயனாளிகள் சார்பில் நன்றியுரை ஆற்ற ஹலீமாவை அழைத்திருந்தோம். அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே பேசினார்.

"எஸ்டேட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. ஒரு வருசம் போச்சுல்ல, சின்னச்சின்னப் புள்ளைங்களோட உக்காந்திருக்கா. நல்லா சாப்பிடுறா. யாராச்சும் பேன்ட் போட்டவங்க லயத்துப் பக்கம் வந்தா மட்டும் ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிறாளாம். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். 'உணர்ச்சிமிக்க நன்றியுரை' என்று தலைவர் பாராட்டினார்.

அடுத்து நான் ஆண்டறிக்கையைப் படித்தேன். 'சபையின் முயற்சியால் குழந்தை உறவினருடன் இணைந்தது' என்ற வரிக்குப் பலத்த கைதட்டல். அதன்கீழ், 'பயனடைந்த குழந்தையின் கருத்து' என்று ஒரு பகுதி வைப்பது நாகரிகம் என்பதால், அது என்னைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை உள்ளது உள்ளபடியே சேர்த்திருந்தேன்.

"என்னைச் சின்னம்மாகூடப் போகவிடாத மாமா."

தலைவரின் முகம் சிவந்தது.

"இது என்ன ஓரவஞ்சனை?" என்றார். "மாமா என்று ஒருமையில் இருக்கிறதே! எல்லாம் நீங்கள் ஒருவரே செய்ததுபோல! தலைவனாக இருந்து நான் எதுவும் செய்யவில்லையா?"

"அந்தக் குழந்தையைப் போகவிடாமல் இருந்ததில் எனக்குப் பங்கு இல்லையா?" என்று மருதப்பன் எழுந்தார்.

"நாங்களும் ஒரு கூட்டம் தவறாமல் வந்திருக்கிறோம்" என்றார்கள் மற்ற இருவரும்.

நியாயமான ஆட்சேபம். 'மாமா' என்பதை 'மாமாக்கள்' என்று திருத்துவதெனத் தலைவர் முன்மொழிந்தார், பொருளாளர் வழிமொழிந்தார். எங்கள் சபையின் சரித்திரத்தில் ஒத்திவைக்கப்படாமல், உபகுழுவுக்கு அனுப்பப்படாமல், ஒரே கூட்டத்தில், ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.